பெற்றோர் மாணவர், பிள்ளைகள் வாத்தியார்!

அப்பா டாக்டர். அம்மா நர்சு. சொந்த ஊரில் அவர்களுக்கு நல்ல பெயர், நல்ல வருமானம். ஆனால் ஒரு நாள் இருவரும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறார்கள்!

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, "இது மேஜை, இது நாற்காலி" என்று உரக்கச் சொல்கிறார்கள். தப்பாகச் சொன்னால் ஆசிரியை திருத்துகிறார். மறுபடியும் சொல்கிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு ஆசிரியை காத்திருக்கிறாள். "அம்மா, அப்படி இல்லை. இப்படிச் சொல்ல வேண்டும்!" என்கிறாள். அந்த ஆசிரியைக்கு வயது ஏழு. அவர்களுடைய சொந்த மகள்!

இது கதை அல்ல. பிரெஞ்சு மொழி படிப்பதற்காக அயல்நாட்டில் ஒரு வருடம் தங்கும் மிஷனரிக் குடும்பங்களில் நடப்பது இதுதான்.

ஏன் பிரெஞ்சு?

மதப் பணி, மருத்துவப் பணி, கல்விப் பணி ஆகியவற்றுக்காக அயல்நாடு செல்பவர்களை மிஷனரிகள் என்கிறோம். அமெரிக்காவில் இருந்து ஏராளமான மிஷனரிகள் ஆப்பிரிக்காவுக்குச் சென்றார்கள். போகிற வழியில் அவர்கள் ஐரோப்பாவில் இறங்கி, பல மாதங்கள் தங்கினார்கள். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. பிரெஞ்சு படிக்க!

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய பகுதியை ஒரு காலத்தில் பிரான்சும் பெல்ஜியமும் ஆண்டன. காங்கோ நாடு 1908 முதல் 1960 வரை பெல்ஜியத்தின் காலனியாக இருந்தது. அங்கே சர்க்கார் அலுவலகத்தில் பிரெஞ்சு. கோர்ட்டில் பிரெஞ்சு. உயர்ந்த வகுப்புகளில் பிரெஞ்சு. ஆஸ்பத்திரியில் மருந்துக்கு எழுதிக் கொடுத்தாலும், நர்சுகளுக்குப் பாடம் நடத்தினாலும் பிரெஞ்சு. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த டாக்டர் அங்கே ஊமைக்குச் சமம்.

அதனால் காங்கோவுக்குப் போகும் டாக்டர்கள் முதலில் பிரெஞ்சு படித்தார்கள். பிறகு பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் நகருக்குப் போய், வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய படிப்பைப் படித்தார்கள். 1948 முதல் காங்கோவில் புராட்டஸ்டண்டு மிஷன் பள்ளிக்கூடங்களுக்கும் பெல்ஜியம் சர்க்கார் மானியம் கொடுத்தது. மானியம் வேண்டுமானால் ஆசிரியர்களுக்குத் தகுதி வேண்டும். அதற்கும் பிரெஞ்சு வேண்டும். ஆகவே பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்சுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து சேர்ந்தன.

1960-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் சுதந்திரம் அடைந்தன. அவற்றில் 14 நாடுகள் பிரான்சின் ஆட்சியில் இருந்தவை. ஆட்சி போயிற்று. ஆனால் பிரெஞ்சு மொழி உடனே போய்விடவில்லை. ஆகவே பாரிஸ் நகரத்து மொழிப் பள்ளிகளில் கூட்டம் குறையவில்லை.

கத்தி ஆண், முள்கரண்டி பெண்!

பாரிசில் 1883-இல் தோன்றிய "அலியான்ஸ் பிரான்சேஸ்" என்ற நிறுவனம், அயல்நாட்டாருக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுப்பதில் பெயர் பெற்றது. 1953-இல் காஸ்தோன் மோழே என்பவர் எழுதிய நீல அட்டைப் பாடப் புத்தகம் உலகம் முழுவதும் பரவியது. அந்தப் புத்தகத்தில் வருவதும் ஒரு குடும்பம்தான். கனடாவில் இருந்து பாரிசுக்கு வரும் ஒரு குடும்பத்தின் கதை வழியாகவே பாடம் நடக்கும்.

பாடத்தில் முதல் தொல்லை, ஆண்பால் பெண்பால். பிரெஞ்சு மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. சாப்பாட்டு மேஜையில் கத்தி ஆண், முள்கரண்டி பெண், கரண்டியும் பெண். வானத்தில் சூரியன் ஆண், சந்திரன் பெண். நாற்காலி பெண். அதையே கைவைத்துச் சாய்ந்து உட்காரும்படி செய்தால், அது ஆண்! ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

அடுத்த தொல்லை, எண்கள். பிரான்சில் 70 என்பதை "அறுபது பத்து" என்று சொல்ல வேண்டும். 80 என்றால் "நான்கு இருபது". 99 என்றால் "நான்கு இருபது பத்தொன்பது". கடைக்காரர் விலையைச் சொல்லும்போது வாங்குபவர் மனத்துக்குள் கணக்குப் போட்டாக வேண்டும். பெல்ஜியத்தில் 70-க்கும் 90-க்கும் நேரான சொற்கள் உண்டு. ஆகவே பிரஸ்ஸல்சில் படித்தவர்களுக்குச் சங்கடம் கொஞ்சம் குறைவு.

மூன்றாவது தொல்லை, மரியாதை. இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே சொல். பிரெஞ்சில் தமிழைப் போலவே "நீ" என்பதும் "நீங்கள்" என்பதும் தனித்தனி. குழந்தையிடமும் நெருங்கிய நண்பரிடமும் "நீ" எனலாம். அதிகாரியிடம் போய் "நீ" என்று சொன்னால் காரியம் கெட்டது! தமிழருக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. அமெரிக்கருக்கு இது பெரிய பாடம்.

உச்சரிப்போ இன்னும் கஷ்டம். உதட்டை "உ" என்று குவிக்க வேண்டும். நாக்கை "இ" என்று வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பிரெஞ்சு எழுத்து சரியாக ஒலிக்கும். அது தவறினால் "மேலே" என்பது "கீழே" என்று மாறிவிடும். மீனுக்கும் விஷத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். நடுவில் பாம்பு சீறுவது போல ஒலித்தால் மீன். தேனீ ரீங்காரம் செய்வது போல ஒலித்தால் விஷம். ஓட்டலில் போய் மீன் கேட்கும் மிஷனரி, எதைக் கேட்கிறோம் என்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

கடைத்தெருவில் அம்மா

அப்பா வகுப்பில் படிக்கிறார். கைக்குழந்தை உள்ள தாய்க்கு முழு நேரமும் வகுப்புக்குப் போக முடிவதில்லை. ஆனால் அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது. ரொட்டிக் கடை, பால் கடை, காய்கறிச் சந்தை!

பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் "ரொட்டி கொடு" என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு. அமெரிக்காவில் இருந்து வந்த தாய்க்கு இது முதல் பாடம்.

பிரெஞ்சில் ஒரே சொல் ஆண்பாலில் வந்தால் "புத்தகம்". பெண்பாலில் வந்தால் "அரைக் கிலோ". அரைக் கிலோ தக்காளி கேட்கப் போன தாய், பாலை மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? "எனக்கு ஒரு தக்காளிப் புத்தகம் வேண்டும்" என்று ஆகிவிடும்!

விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு ஆபத்து. "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்பதை இங்கிலீஷில் சொல்வது போலவே பிரெஞ்சில் சொல்லக் கூடாது. சொன்னால், "நான் சினையாக இருக்கிறேன்" என்று பொருளாகிவிடும். பசு மாட்டுக்குச் சொல்லும் வார்த்தை அது. வீட்டுக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். சொன்னவருக்கு மறுநாள் வகுப்பில்தான் விஷயம் விளங்கும்.

இந்த மாதிரிச் சமயத்தில் கோபித்துக்கொள்பவர்களுக்கு மொழி வராது. கூடச் சேர்ந்து சிரிப்பவர்களுக்கு வந்துவிடும். தினமும் பத்துப் பேரிடம் பேசும் தாய், புத்தகத்தோடு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் கணவனை முந்திவிடுவதும் உண்டு.

வாய் திறக்காத பிள்ளைகள்

பிள்ளைகள் நிலைமை என்ன? அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்களைச் சேர்த்துவிடுகிறார்கள். முதல் நாள் பையன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பான். பக்கத்துப் பையன் சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைப்பான். பல பிள்ளைகள் சில வாரங்கள், சில மாதங்கள்கூட வகுப்பில் வாயே திறப்பதில்லை. இரவில் அம்மாவிடம், "நம் ஊருக்கே போய்விடலாம்" என்று அழும் பிள்ளைகளும் உண்டு.

எழுத்தும் மாறுகிறது. அமெரிக்கப் பிள்ளை 1 என்ற எண்ணை நேர்க்கோடாகப் போடும். பிரான்சில் அதற்கு மேலே ஒரு சாய்வுக் கோடு உண்டு. 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட வேண்டும். புள்ளி வைக்க வேண்டிய தசம எண்ணுக்குக் காற்புள்ளி வைக்க வேண்டும். வகுத்தல் கணக்கை எழுதும் முறையே வேறு. அப்பா பெரிய பட்டதாரியாக இருக்கலாம். ஆனால் மகனுடைய வகுத்தல் கணக்கைப் பார்த்து விழிப்பார்! பரீட்சையில் மதிப்பெண் நூற்றுக்கு அல்ல, இருபதுக்கு. பையன் 14 வாங்கி வந்தால் பெற்றோர் திடுக்கிடுவார்கள். அது நல்ல மதிப்பெண் என்று பிறகுதான் தெரியும்.

ஒரே ஒரு சந்தோஷம். பிரான்சில் வாரத்தின் நடுவிலும் ஒரு நாள் விடுமுறை. 1972 வரை அது வியாழக்கிழமை. பிறகு புதன்கிழமை ஆயிற்று.

ஒரு நாள் திடீரென்று பிள்ளை பேசத் தொடங்குகிறது. அதுவும் எப்படி? சொந்த ஊர்ப் பிள்ளை போலவே பேசுகிறது! இத்தனை நாளும் பேசாமல் இருந்தது, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பெரியவர்கள் இலக்கணம் பார்த்துப் பேசுகிறார்கள், அதனால் தயங்குகிறார்கள். பிள்ளைகள் விளையாட்டில் சேர வேண்டுமே என்று பேசுகிறார்கள். பந்து யார் பக்கம் என்று சண்டை போடும்போது ஆண்பால் பெண்பால் தானாக வந்துவிடுகிறது.

அன்று முதல் வீட்டில் ஆட்சி மாறுகிறது. தபால்காரர் வந்தால் மகள் பேசுகிறாள். கடையில் அம்மாவுக்கு மகன் துபாஷி. அப்பா படித்துக் காட்டினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பெற்றோருக்கு இது சுலபம் அல்ல. ஊரில் நூறு பேர் முன்னால் நிமிர்ந்து பேசியவர், இங்கே தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போகிறார்.

நெஞ்சு வலியா, குமட்டலா?

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் உயிர் போகும் விஷயமும் இருக்கிறது.

ஒரு நோயாளி டாக்டரிடம் வந்து, "எனக்கு இருதயத்தில் நோவு" என்று பிரெஞ்சில் சொல்கிறார். டாக்டர் என்ன நினைப்பார்? மாரடைப்பு என்று பதறுவார். ஆனால் பிரெஞ்சு வழக்கில் அதற்குப் பொருள், "குமட்டிக்கொண்டு வருகிறது" என்பதுதான்! "கல்லீரல் கோளாறு" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் அது அஜீரணம். வார்த்தைக்கு வார்த்தை பொருள் தெரிந்தால் போதாது. மக்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். வயிற்றுக் குமட்டலுக்கு இருதய மருந்து கொடுத்தால் நோயாளியின் கதி என்ன?

இன்னொரு விஷயமும் உண்டு. பிரெஞ்சு படித்து முடித்தால் படிப்பு முடிந்தது என்று அர்த்தமில்லை. அது வாசற்படிதான். காங்கோவில் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. கிராமத்துக் கிழவிக்குப் பிரெஞ்சு தெரியாது. அவளிடம் பேச லிங்காலா போன்ற ஆப்பிரிக்க மொழி வேண்டும். லிங்காலாவில் "மோட்டோ" என்று சொன்னால் மனிதன். அதே சொல்லில் குரலை ஏற்றி இறக்கி, ஒலியைக் கொஞ்சம் மாற்றினால் தலை. இன்னொரு விதமாகச் சொன்னால் நெருப்பு!

பிரெஞ்சு, ஆண்டவர்களின் மொழி. பிரெஞ்சோடு நின்றுவிட்டவர்கள் சர்க்கார் அலுவலகம் வரைதான் போக முடிந்தது. மக்களின் மொழியையும் கற்றவர்களே குடிசைக்குள் போனார்கள்.

ஒரே கூரையின் கீழ்

இந்த ஒரு வருடத்துக்கு வேறொரு முக்கியமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததும், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். காங்கோவில் ரெத்தி என்ற இடத்தில் இருந்த மிஷன் பள்ளி அப்படிப்பட்டது. பெற்றோர் ஓர் ஊரில். பிள்ளைகள் வேறோர் ஊரில். விடுமுறையில்தான் பார்க்க முடியும்.

ஆகவே பல குடும்பங்களுக்கு, பிரெஞ்சு படித்த அந்த வருடமே எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த கடைசி வருடம். சின்ன வாடகை வீடு. பழைய நாற்காலிகள். ஒரே மேஜையில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவார்கள். வருடம் முடிந்ததும் சாமான்களை இரும்புப் பீப்பாய்களில் அடைப்பார்கள். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் காங்கோவின் மட்டாடி துறைமுகத்தில் இறங்கலாம். அதன் பிறகு ஆளுக்கு ஒரு திசை!

கார்ல்சன் குடும்பம்

இந்தப் பாதையில் போன ஒரு குடும்பத்தின் கதை உலகத்தையே உலுக்கியது.

பால் கார்ல்சன் 1928-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். டாக்டர். அவருடைய மனைவி லோயிஸ் ஒரு நர்சு. ஒரு மகன், ஒரு மகள்.

1960 ஜூன் 30-இல் காங்கோ சுதந்திரம் அடைந்தபோது, அந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட முழு டாக்டர் பட்டம் பெற்றிருக்கவில்லை. பெல்ஜியம் டாக்டர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிகள் காலி! உலக சுகாதார நிறுவனம் காங்கோவின் மருத்துவ உதவியாளர் பலரைப் பிரான்சுக்கு அனுப்பி, டாக்டருக்குப் படிக்க வைத்தது. அந்த நெருக்கடியில் 1961-இல் கார்ல்சன் சில மாதங்கள் காங்கோவில் போய் வேலை செய்தார். ஊர் திரும்பினார். ஆனால் மனம் திரும்பவில்லை.

பிறகு மனைவி மக்களோடு புறப்பட்டார். பிரான்சில் பிரெஞ்சு படித்துவிட்டு, காங்கோவின் வடக்கே வசோலோ என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே 80 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி. சுற்று வட்டாரத்தில் வேறு டாக்டர் கிடையாது. மக்கள் அவரை "மொங்காங்கா பால்" என்றார்கள். லிங்காலா மொழியில் மொங்காங்கா என்றால் வைத்தியர்.

1964-இல் கலகம் மூண்டது. கலகக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். செப்டம்பர் மாதம் கார்ல்சன் மனைவியையும் பிள்ளைகளையும் உபாங்கி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பத்திரமாகச் சேர்த்தார். தாம் மட்டும் நோயாளிகளிடம் திரும்பினார். கலகக்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். "அமெரிக்க ஒற்றன்" என்று குற்றம் சாட்டினார்கள். 1964 நவம்பர் 24-இல், ஸ்டான்லிவில் நகரத்தில் பிணைக் கைதிகளை மீட்கப் பெல்ஜியம் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு சுவரை ஏறித் தாண்ட முயன்ற கார்ல்சன் சுடப்பட்டு மாண்டார். அவருக்கு வயது 36.

ஆற்றுக்கு அப்பால் கணவனுக்காகக் காத்திருந்த லோயிஸ், பிறகு அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். அது 1966-இல் வெளிவந்தது. அந்த நூலுக்கு அவர் வைத்த பெயரில் டாக்டர் என்ற இங்கிலீஷ் சொல்லும் இல்லை. பாடுபட்டுப் படித்த பிரெஞ்சுச் சொல்லும் இல்லை. மக்கள் அழைத்த பெயரே நூலின் பெயர்: "மொங்காங்கா பால்."

இன்று

காலம் மாறிவிட்டது. இரும்புப் பீப்பாயும் இல்லை. கப்பல் பயணமும் இல்லை. மாலி நாடு 2023-இல் பிரெஞ்சுக்கு இருந்த ஆட்சி மொழி என்ற தகுதியை எடுத்துவிட்டது. ஆனாலும் காங்கோவில் இன்றும் பிரெஞ்சுதான் ஆட்சி மொழி. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஆல்பர்வில் நகரில், மிஷனரிகளுக்கென்றே மொழிப் பள்ளி இருக்கிறது. இன்றும் அங்கே குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து படிக்கின்றன. இன்றும் தாய்மார்கள் தக்காளிக் கடையில் திண்டாடுகிறார்கள். இன்றும் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள்.

மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டவர்கள், முதலில் தாங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளையிடம் திருத்தம் கேட்க வேண்டியிருக்கிறது. பிற்பாடு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமவாசி ஆஸ்பத்திரி வாசலில் கூனிக் குறுகி நிற்கும்போது, அவர் மனம் என்ன பாடுபடும் என்பது இவர்களுக்குத் தெரியும். ஏனென்றால், அதே மாதிரி இவர்களும் ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்றவர்கள்தானே!

வயது வந்த பிறகு கற்பது வெட்கம் அல்ல. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டால், மொழியும் வராது; மனிதரும் நெருங்க மாட்டார்கள்.